தூணுக்குப் பின்னால் இருந்தேன்

அன்புள்ள கதிர்,

உன் கல்யாணத்தன்று நான் அந்த மாதா கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நான் உள்ளே வந்தேன். உனக்கு முன்னால், உன் சித்தப்பா சித்திக்கு முன்னால், கிளேருடைய சொந்தக்காரர்கள் ஒருவர்கூட வருவதற்கு முன்னால் வந்தேன். நீங்கள் மோதிரம் மாற்றியதைப் பார்த்தேன். நீ முதலில் வேறு விரலில் மோதிரத்தைப் போடப்போனதையும், அதைப் பார்த்துக் கிளேர் சிரிப்பை அடக்கிக்கொண்டதையும் பார்த்தேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இதற்கு மேல் எழுதப்போகும் எதிலும் எனக்கே தெளிவில்லை. இதில் மட்டும் சந்தேகமில்லை.

திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், புகழ்கிறார்கள். போன வாரம் சிக்கல் ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். வயதான பங்காளி ஒருவர் எல்லோர் முன்னாலும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "பெத்த பாசம் ஒரு பக்கம் இழுத்தாலும் வாசப்படி மிதிக்காம நின்ன பாத்தியா தாயி, அதுக்குப் பேருதான் வைராக்கியம்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "கான்வென்ட்டுல படிச்சும் மாறலையே" என்று சேர்த்துக்கொண்டார். "நான் உள்ளேதான் இருந்தேன்" என்றேன். "எங்ககிட்ட எதுக்குத் தாயி மறைக்கிற. ஒன் கொழுந்தன் பொண்டாட்டி எல்லாஞ் சொல்லிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னார். செய்யாத காரியத்துக்குக் கிடைத்த வடையை இலையில் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஊர் எதையும் நினைத்துக்கொள்ளட்டும். நீயும் அதையே நினைக்கிறாய் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. தை மாதம் கிளேரோடு வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். விமான டிக்கெட், அவளுக்குக் கொசுவலை, ராமேஸ்வரத்தில் அறை என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "வாசல்ல ஆரத்திய சித்தியே எடுக்கட்டும்மா. உங்களுக்குச் சங்கடம் வேணாம்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாய். நானும் "சரிப்பா" என்றேன். போனை வைத்த பிறகு, எதற்குச் சரி என்றேன் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து விளங்கவில்லை.

உனக்கு ஒன்று தெரியாது. நீ அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா இறந்த மறு வருஷம் சித்தி மகளுக்குக் கல்யாணம். சீர்த்தட்டுகளை எல்லாம் அடுக்கியது நான். பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து மாற்ற வைத்ததும் நான். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மணவறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உன் சித்தி வந்து என் கையைப் பிடித்து, "அக்கா, அங்கன ஃபேன் நல்லா வருது. அங்கன உக்காந்தீங்கன்னா காத்தாட இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். கைம்பெண் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, சொல்ல மாட்டார்கள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. காப்பியை அவளே அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள், சர்க்கரை போடாமல், எனக்குப் பிடித்த மாதிரி. அன்றிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது ஓரத்து ஃபேனைத்தான். யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போகும்படி வைத்துக்கொள்வதில்லை. நானே விலகுவதற்கு முன்னால் எவரும் என்னை விலக்கிவிடக் கூடாது என்பதில் நான் கறார். உன் கல்யாணத்துக்காகப் பிரான்சுக்குப் புறப்படுவதற்கு முன்னால் உன்னிடம், "முன்னாடி சித்தப்பாவும் சித்தியும் நிக்கட்டும்" என்று சொன்னதும் அதனால்தான். நீ "சரிம்மா" என்றாய். ஏன் என்று கேட்பாய் என நினைத்தேனா, கேட்காதது நிம்மதியாக இருந்ததா, இப்போது யோசித்தால் இரண்டும் போலத்தான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்திய நாள் உன் மாமியார் என்னை அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போனார். உனக்கு அது தெரியும், பூ வைக்கப் போனோம் என்று மட்டும் தெரியும். சம்பந்தியும் நானும் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லை. பள்ளியில் நான் எழுதிய ஆங்கிலத்தை மதர் சுப்பீரியர் மற்ற வகுப்புகளில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த மலைக்கிராமத்தில் அது காலணா பெறவில்லை. அவர் ஒரு வாளி பூவை என் கையில் கொடுத்தார். கல்யாணத்துக்கு உரிய பூ. நான் சற்றுத் தயங்கினேன். வாளி கனமாக இருக்கிறது என்று நினைத்து, கைப்பிடியின் மறுபாதியை அவர் பிடித்துக்கொண்டார். அவரும் கணவரை இழந்தவர். இரண்டு பேருமாக அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினோம்.

கதவருகில் நான் செருப்பைக் கழற்றினேன். கோயில் என்றால் கால் தானாகவே கழற்றிவிடுகிறது. அவர் என் காலைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று சைகை காட்டினேன், கேட்கவில்லை. தரையின் குளிர்ச்சி கணுக்கால் வரை ஏறியது. அவர் "ஓ" என்று சொல்லிச் சிரித்தார். எத்தனை வருஷமாக அந்தக் கோயிலுக்கு வந்துகொண்டிருக்கிறாரோ, அந்தக் கல்லை அவர் கால் அன்றுதான் தொட்டது என்று நினைக்கிறேன்.

எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக் கட்டடம், ரோமானெஸ்க் என்று அந்தப் பாணிக்குப் பெயர் என்று கிளேர் சொல்லியிருந்தாள். நான் பழைய மாதா கோயில் என்று பார்த்தது தனுஷ்கோடியில் நிற்பது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் நீ அவளை அங்கே அழைத்துப் போனபோது நானும் வந்திருந்தேன். அவள் அந்தப் பவளக்கல் சுவரைத் தடவிக்கொண்டே, கூரை எங்கே என்று கேட்டாள். "காத்து கொண்டு போயிருச்சு" என்று நீ சொன்னதை, புயல் என்று ஆங்கிலத்தில் நான்தான் திருத்திச் சொன்னேன். அங்கே நான்கு பக்கமும் கடல் இரைச்சல், மேலே வானம். இங்கே கூரை இருந்தது, ஆள் படுக்கும் அளவுக்குத் தடித்த சுவர் இருந்தது, ஜன்னல் என்று பார்த்தால் ஒரு குழந்தை எட்டிப்பார்க்கும் அளவுதான். வளைவுகள் ஒன்றுகூடக் கூராக இல்லை. பானையைக் கவிழ்த்தது போல அரைவட்டமாக ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. நம் ஊரில் வெயில் அடிக்கும். அங்கே அது அடிக்கவில்லை. அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வந்து, வடித்த கஞ்சியின் நிறத்தில் தரையில் கிடந்தது.

அலங்காரம் என்று எதுவும் இல்லை. பூச்சு இல்லை, பொன் இல்லை. கல்லும் இருட்டும் கொஞ்சம் வெளிச்சமும். அது ஏன் அவ்வளவு அழகாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ராமேஸ்வரத்துப் பிரகாரத்தில் எனக்குத் தெரியாத தூண் இல்லை என்று பெருமையடித்துக்கொள்பவள் நான். ஆனால் அங்கே ஈரச்சேலை, வாளிச் சத்தம், "தள்ளு தள்ளு" என்ற குரல், இவற்றுக்கு நடுவில்தான் தூணைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது கேட்பதற்காகப் போகிற வழியில் பார்த்திருக்கிறேன். பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் சாப்பலில் உட்கார வைப்பார்கள். இந்துப் பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு. மூச்சு விட்டால் சிஸ்டர் திரும்பிப் பார்ப்பார். அந்த அமைதி எங்களை அடக்கி வாங்கிய அமைதி. இங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை. நான் எதையும் கேட்கவும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை. எல்லா வேலையும் முடிந்த பிறகு, அடுத்தது என்ன என்று தெரியாமல் அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்போமே, அப்படி நின்றேன். இந்த வயதில் என் சாமியை விட்டு வேறு எங்கோ போகிறேனோ என்று ஒரு பயம் வந்தது. போகவில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித் தெரிந்தது என்பதுதான் குழப்பம்.

பீடத்துக்குப் பின்னால் சுற்றிவர ஒரு வழி இருந்தது. வழி இருந்தால் சுற்ற வேண்டியதுதானே. நான் வலம் வந்தேன். சம்பந்தி பூ ஜாடியோடு நின்று எனக்காகக் காத்திருந்தார். திரும்பி வரும்போதுதான் அந்தத் தூணைப் பார்த்தேன். தூண்களின் தலையில் எல்லாம் சிற்பம். மனித முகமுள்ள சிங்கம், நம் யாளிக்குத் தூரத்து உறவு. ஓரத்தில் இருந்த குட்டையான ஒரு தூணில் மட்டும் சுவரைப் பார்த்த பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். இடுப்பில் கூடை, தலை குனிந்திருந்தது. திருப்பாலைக்குடிப் பக்கம் மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்பார்களே, அதே நிற்பு. முன்னால் உட்கார்பவர்கள் யாருக்கும் அவள் தெரிய மாட்டாள். யார் பார்ப்பதற்காக அந்தச் சிற்பி அவளைச் செதுக்கினான்? சம்பந்தியிடம் சைகையில் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். பிறகு எக்கி, கைக்கு எட்டிய அந்தப் பெண்ணின் பாதத்தைத் தொட்டுவிட்டு, தொட்ட விரலை என்னிடம் காட்டினார். தூசி.

மறுநாள் நீங்கள் எல்லாம் உடுத்திக்கொண்டிருந்தபோது நான் சந்தனக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு தனியாக மேட்டில் ஏறினேன். கூட்டம் வருவதற்கு முன்னால் அந்த அமைதியை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று போனேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். செருப்பைக் கதவுக்குப் பின்னால் விட்டேன். தூணுக்குப் பின்னால், அந்தப் பெண்ணுக்குக் கீழே, சுவரோடு சேர்ந்த கல்திண்டில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எழுந்து போயிருக்கலாம். தூண் அவ்வளவு பருமன், என்னை யாரும் பார்க்கவில்லை. நான் சற்றுச் சாய்ந்தால் உங்களைப் பார்க்க முடிந்தது. எனக்கு அங்கே வசதியாக இருந்தது. நான் அந்தச் சிற்பத்துக்காக அங்கே போனேனா, அல்லது ஃபேன் இல்லாத ஊரில் ஃபேனுக்குக் கீழே ஓர் இடத்தை முந்திய நாளே பார்த்து வைத்துவிட்டேனா? கதிர், இதை எத்தனை முறை என்னையே கேட்டாலும் ஒரே பதில் வருவதில்லை.

நீ வந்தாய். சுற்றிப் பார்த்தாய். சித்தி தன் பஜார் குரலில், "அக்கா எங்கன? காணமே" என்றாள். அந்தக் கூரை அதை மூன்று முறை திருப்பிச் சொன்னது. "வருவாங்க சித்தி" என்று நீ சொன்னாய். பாதிரியார் உன்னைப் பார்த்தார், நீ கதவைப் பார்த்தாய். அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். எழப்போனேன். அப்போதுதான் முன்வரிசையில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டேன். அதன் மேல் கொஞ்சம் வெள்ளைப் பூ.

நம் வீட்டில் காலி நாற்காலியில் பூ வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் அப்பாவின் திவசத்துக்கு அப்படித்தானே அவர் படத்தை வைத்துப் பூ வைக்கிறோம். வெள்ளைக்கார ஊரில், இத்தனை பேருக்கு முன்னால், என் பிள்ளை அவன் அப்பாவுக்கு இடம் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. அவருக்குப் போட்டவன் எனக்குப் போடவில்லையே என்று தோன்றவே இல்லை. தூணுக்குப் பின்னால் இருப்பவளுக்கு எதற்கு நாற்காலி. கடைசிவரை அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். "பாத்தீங்களா ஒங்க மகன" என்று அவரிடம் மனதுக்குள் பேசினேன். அந்தக் கல்லின் குளிரும், பாட்டு நின்ற பிறகு வளைவுகளுக்குள் கொஞ்ச நேரம் தங்கி இருந்த அதன் மிச்சமும், அந்தக் கஞ்சி வெளிச்சமும், எல்லாம் அவருக்காகவே இருப்பது போல இருந்தது. என் வாழ்க்கையில் அதைப் போல நிறைவான நேரம் அதிகம் இல்லை. அதனால்தான் இப்போது இவ்வளவு கலக்கம்.

எல்லோரும் உங்களைச் சூழ்ந்துகொண்டபோது நான் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய், பெயர் தெரியாத ஒரு மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் சம்பந்தி. கையில் என் செருப்பு. சம்பந்தி வீட்டார் செருப்பைக் கையில் தூக்குவது நம் பக்கம் நடக்கிற காரியமா? பதறி எழுந்தேன். அவர் குனிந்து, புல்லில் என் காலுக்கு முன்னால் அதை ஜோடியாக வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வருவது போல இருந்தது. என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே இருந்தேன் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி அவர். நம்பாவிட்டால் அவரைக் கேள்.

அதற்குப் பிறகு நீ வந்தாய். "ஏம்மா வெளிய வந்து உக்காந்துட்டீங்க?" என்றாய். "உள்ள புழுக்கமா இருந்துச்சுப்பா" என்றேன். குளிர்ப்பெட்டி மாதிரி இருந்த கட்டடத்தைப் பற்றி அப்படிச் சொன்னேன். மண்டபத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய், பிறகு "சரி, வாங்க, போட்டோ எடுக்கணும்" என்றாய். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் திரும்பி வரும் விமானத்தில்தான் பிடிபட ஆரம்பித்தது. சித்தி தூக்கத்துக்கு நடுவில், "என்ன இருந்தாலும் நீங்க வந்து உக்காந்திருக்கலாம்க்கா. பூவெல்லாம் வச்சு ஒங்களுக்குன்னு நாற்காலி போட்ருந்தாய்ங்க. கடேசி வரைக்கும் சும்மாவே கெடந்துச்சு" என்றாள். உனக்குத் தெரியும், அவள் சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை. அந்த ஊரில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பூ வைத்து இடம் போடுவார்களாமே, உண்மையா?

அது அப்பாவுடையது என்றால் நீ நல்ல பிள்ளை. என்னுடையது என்றால் அப்போதும் நீ நல்ல பிள்ளைதான். ஆனால் என்னை நானே இல்லாதவளாக்கிக்கொண்டு, எனக்கு வைத்த பூவைப் பார்த்து உருகியிருக்கிறேன். அதற்குச் சிரிப்பதா, வேறு என்ன செய்வது?

புத்திமதி சொல்லாமல் கடிதம் முடிக்க எனக்கு வராது. கிளேருக்கு நீ செய்யும் நல்லதை அவள் காதில் விழும்படி சொல்லிச் செய். ஒரு நாற்காலி போட்டால், "இது உனக்கு" என்று வாய்விட்டுச் சொல். அவள் விலகி உட்கார்ந்தால், உடனே மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதே; போய்க் கேள். இது உனக்கு என்று நான் சொன்னாலும், எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தை மாதத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். ஆரத்தியை நான்தான் கரைப்பேன். மஞ்சளுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்பது உன் சித்திக்கு இன்னும் கைவரவில்லை, அவள் கரைத்தால் செங்கல் நிறம் வரும். தட்டை யார் பிடிப்பது என்பதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பிடித்தால் சிக்கலில் எனக்குக் கும்பிடும் வடையும் கிடைக்காது, அதைப் பற்றிக் கவலையில்லை. எனக்குப் பிடிக்க ஆசையா என்று கேட்டால், தெரியவில்லை. ஓரத்தில் நிற்க ஆசையா என்றால், அதுவும் இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னதற்கு நான் சொன்ன "சரி"யை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாற்காலி யாருக்குப் போட்டது என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம், போனில் நான் எதற்கும் சரி என்று சொல்லிவிடுகிறேன். தாளில், தமிழில், உன் கையால் எழுது. உன் பதில் வரும்வரை சித்தியிடம் தட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அம்மா